தொட்டியா, கேமராவா? தொட்டி என்றால் எந்த அளவு?

டிசம்பர் போனஸ் வந்ததும், தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸில் இருக்கும் என் சித்தி மகன் கேட்டான்: "அண்ணா, ஹாலில் ஒரு நல்ல மீன் தொட்டி வைக்கலாமா, இல்லை கேமரா வாங்கிக்கொண்டு மலை, கடல் என்று படம் எடுக்கக் கிளம்பலாமா?" இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க அவனிடம் காசு இல்லை. எனக்கு இரண்டு கிறுக்கும் உண்டு என்று தெரிந்துதான் கேட்டான். டர்பன் பக்கம் இதே யோசனையில் வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் பதிலை எழுதியே வைத்துவிடுகிறேன்.

இந்த இரண்டையும் விலையை வைத்து ஒப்பிட வேண்டாம். எதையும் மலிவாகத் தொடங்கலாம், எதிலும் கடன் வாங்கிச் செலவழிக்கலாம். பார்க்க வேண்டியது உங்களிடம் இருப்பது எந்த மாதிரி நேரம் என்பதை. தொட்டி தினமும் பத்து நிமிடம் கேட்கும், வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் கேட்கும். உங்களுக்குக் காய்ச்சல் என்றாலும் கேட்கும், ஈஸ்டர் லீவுக்கு ஜோஹன்னஸ்பர்க் போனாலும் கேட்கும். கேமரா மூன்று மாதம் அலமாரியில் கிடந்தாலும் வாய் திறக்காது. ஆனால் கேட்கும்போது முழு நாளைக் கேட்கும், அதுவும் இருட்டோடு எழுந்திருக்கச் சொல்லும். ஷிப்ட் வேலை பார்ப்பவர், சின்னப் பிள்ளைகளை வைத்திருப்பவர், பென்ஷன் வாங்குபவர் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

முதலில் தொட்டி. அதில் குழப்பமே அளவுதான்.

அகலமா, உயரமா?

கடைக்குள் போனால் கண்ணில் படுவது உயரமான தொட்டிதான். இடம் குறைவாகப் பிடிக்கும், ஹாலில் எடுப்பாக நிற்கும். வீட்டுக்கு வருபவர்களும் "அடேயப்பா" என்பார்கள். அந்த வடிவத்தின்மேல் எனக்கு மதிப்பு கிடையாது.

தண்ணீருக்குள் ஆக்சிஜன் போவது மேற்பரப்பு வழியாக. 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு 182 லிட்டர், மேற்பரப்பு 4,050 சதுர செ.மீ. அதே தண்ணீரை 60க்கு 45 அடித்தளத்தில் நிறுத்த வேண்டுமானால் உயரம் 67 செ.மீ. போக வேண்டும், மேற்பரப்பு 2,700தான் கிடைக்கும். தண்ணீர் அதே அளவு, காற்றைத் தொடும் பரப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. எத்தனை மீன் விடலாம் என்பதை லிட்டரைவிட இந்தப் பரப்புதான் அதிகம் தீர்மானிக்கிறது. பெரும்பாலான மீன்கள் நீந்துவதும் பக்கவாட்டில்தான், மேலும் கீழுமாக இல்லை.

கண்ணாடிக்கும் உயரம் ஆகாது. முன்பக்கக் கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் விசை உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நீளம் மாறாமல் உயரம் 45இலிருந்து 60 ஆனால் அந்த விசை ஏறத்தாழ 1.8 மடங்கு. அதற்குத் தடிமனான கண்ணாடி வேண்டும், விலையும் எடையும் அதோடு ஏறும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது கை. 45 செ.மீ. என்றால் ஒரு முழம். அடியில் சாய்ந்த செடியை நிமிர்த்த முழங்கை வரை நனைந்தால் போதும். 60 செ.மீ. தொட்டியில் ஸ்டூல் போட்டு ஏறி, சட்டையைக் கழற்றி, தோள் வரை விட வேண்டும். முதல் மாதம் செய்வோம். அப்புறம் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தொடங்கும், அடியில் அழுக்கு சேரும். தொட்டி பாழாவதில் பாதி இப்படித்தான்.

ஒரே விதிவிலக்கு ஏஞ்சல் மீன். அதன் துடுப்புகள் மேலும் கீழும் நீள்வதால் 45, 50 செ.மீ. உயரம் உண்மையிலேயே தேவை.

இந்த விஷயத்தில் நான் சாட்சிக்கு அழைக்கும் ஆள் ஜப்பானியரான தகாஷி அமானோ (1954–2015). செடிகளும் கற்களும் வைத்து நீருக்கடியில் ஒரு நிலக்காட்சியையே அமைக்கும் பாணியை உலகம் முழுக்கப் பரப்பியவர் அவர். காடுகளைப் பெரிய ஃபிலிம் கேமராவில் படம் எடுத்த நிலக்காட்சிப் புகைப்படக்காரரும் அவரேதான். நாம் இங்கே எதிரெதிராக நிறுத்தியிருக்கும் இரண்டும் அவரிடம் ஒரே வேலையாக இருந்தன. அவருடைய கம்பெனி விற்கும் தொட்டிகள் 60×30×36, 90×45×45, 120×45×45 என்று போகும். நீளம் இரட்டிப்பாகும்போதுகூட உயரம் கொஞ்சம்தான் ஏறுகிறது, கவனியுங்கள். கடைசியாக லிஸ்பன் மீன்காட்சியகத்துக்கு அவர் அமைத்த தொட்டியின் நீளம் 40 மீட்டர்.

நான்கு அளவுகள்

60×30×36 தொட்டியில் 65 லிட்டர். மணலும் கல்லும் போட்டு, மேலே இரண்டு விரற்கடை விட்டால் உண்மையில் 50 லிட்டர் நிற்கும். "முதலில் சின்னதில் பழகலாம்" என்றுதான் எல்லோரும் இதை வாங்குகிறார்கள். பழகுவதற்குக் கடினமானதே இதுதான். குறைந்த தண்ணீரில் எல்லாமே சீக்கிரம் கெடும்: கூடுதலாக ஒரு சிட்டிகை தீனி விழுந்தாலும் அம்மோனியா ஏறும், பகலில் சூடாகும், ராத்திரி குளிரும். கப்பி, சின்ன இறால், ஒரு சிறு கூட்டம் நியான் டெட்ரா, இவற்றோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவருக்கு இது போதும். நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

90×45×45தான் நான் சொல்லும் அளவு. உண்மையில் நிற்கும் தண்ணீர் 150 லிட்டர் சுமார். வாரம் கால் பங்கு மாற்றினால் 20 லிட்டர் வாளி இரண்டு, அவ்வளவுதான். சின்னப் பிழையைத் தாங்கும், ஒரு நாள் தாமதமானாலும் பொறுத்துக்கொள்ளும்.

சுவரில் இடம் இருந்தால் 120×45×45 இன்னும் நல்லது. உயரம் அதேதான், ஒரு வாளி தண்ணீர் கூடும், வேலை அநேகமாக அதே வேலை. மலாவி ஏரியின் நீல, மஞ்சள் பாறை மீன்கள் நம் கண்டத்துச் சொத்து. அவற்றின்மேல் ஆசை இருந்தால் இதற்குக் குறைவாக வாங்க வேண்டாம். சண்டைக்கார மீன்கள் அவை, ஒன்றின் கண்ணில் படாமல் இன்னொன்று விலகிப் போக நீளம் வேண்டும். தண்ணீரும் தாதுக்கள் மிகுந்த கடின நீராக, பி.எச். (அமில-கார அளவு) 8ஐ ஒட்டி இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரைச் சோதனைக் கிட்டில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

120×60×60 தொட்டி 432 லிட்டர். ஆசைக்கு அளவில்லை, ஆனால் வாரம் ஐந்து வாளி சுமப்பது யார்? கண்ணாடி மட்டுமே 12 மி.மீ. தடிமனில் 85 கிலோவைத் தாண்டும். தண்ணீர், மணல், மேசை எல்லாம் சேர்ந்தால் அரை டன்னுக்கு மேல். தரைத்தளத்தில் நல்ல சிமென்ட் தரை இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

எடை என்றதும் மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. 90 செ.மீ. தொட்டி முழுதாக நிரம்பி மேசையோடு 250 கிலோ வரும். கல்யாண வீட்டில் வாட்டசாட்டமான மூன்று மாமாக்கள் ஒரே இடத்தில் நின்று பேசுகிற மாதிரி. வித்தியாசம், மாமாக்கள் சாப்பாட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள், அதுவும் தளம் முழுக்கப் பரவிய சுமை. கான்கிரீட் தளத்தில் 90 செ.மீ. தொட்டியைச் சுமை தாங்கும் சுவரை ஒட்டி வைத்தால் பொதுவாகப் பிரச்சினை வராது. அறையின் நடுவில் வேண்டாம். மரத்தளம் என்றால் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் வைக்க வேண்டாம்.

கரண்ட், தண்ணீர்: நம் ஊர்க் கதை

வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் தொட்டிக் குறிப்புகளில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கு இதுதான் முக்கியம்.

லோட் ஷெடிங்கின் (அட்டவணை போட்டுக் கரண்டை நிறுத்துவது) மிக மோசமான வருடம் 2023. 2024 மார்ச் 26க்குப் பிறகு பத்து மாதம் நிம்மதி, 2025 ஜனவரி 31 அன்று மறுபடி வந்தது. அட்டவணை இல்லாத காலத்திலும் கேபிள் திருட்டு, சப்ஸ்டேஷன் கோளாறு என்று ஏதாவது ஒரு சாக்கில் கரண்ட் போகத்தான் செய்கிறது. தொட்டி வாங்குபவர் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

இரண்டு மணி நேரம் போனால் ஒன்றும் ஆகாது. 150 லிட்டர் தண்ணீர் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், ஜூலை ராத்திரியில்கூட அந்த நேரத்தில் ஒரு டிகிரி சுமார்தான் இறங்கும். நான்கைந்து மணி நேரம் தாண்டினால் கதை வேறு. தொட்டியை உண்மையில் நடத்துவது வடிகட்டிக்குள் வாழும் பாக்டீரியா. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவைதான். அவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மேசைக்குக் கீழே மூடி இறுக்கி வைக்கும் கேனிஸ்டர் வடிகட்டியில் தண்ணீர் ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகும், பாக்டீரியா சாகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்த நாற்றத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். நீண்ட நேரம் நின்ற கேனிஸ்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த அழுகிய முட்டை வாடை மறக்காது. அப்படி நின்றால் ஸ்விட்சைப் போடும் முன் அதைக் கழற்றி, பழைய தண்ணீரைக் கொட்டி, ஸ்பான்ஜைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு ஓடவிடுங்கள்.

இதைவிட எளிய வழி உண்டு. பார்க்க அழகில்லாத, மலிவான ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்றை மூலையில் வைத்து, பேட்டரியில் ஓடும் ஏர் பம்போடு இணைத்துவிடுங்கள். குமிழி போய்க்கொண்டிருந்தால் மீனும் பிழைக்கும், பாக்டீரியாவும் பிழைக்கும். 2023இல் பலர் வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். அது இருந்தால் 15 வாட் வடிகட்டியை அதில் மாட்டலாம், ஹீட்டரை மாட்ட வேண்டாம், பேட்டரியைக் குடித்துவிடும்.

பரப்பு அதிகமான தொட்டி ஏன் நல்லது என்று மேலே சொன்னேன் அல்லவா? கரண்ட் இல்லாத ராத்திரியில்தான் அது கண்ணுக்குத் தெரியும். உயரமான தொட்டியில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அகலமான தொட்டியில் அதே எண்ணிக்கை மீன் இருந்தால் அவை அடியில் நிம்மதியாக நிற்கும்.

அடுத்தது தண்ணீர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. வெருலம், ஃபீனிக்ஸ் பக்கம் தண்ணீர் வராமல் போவது இன்றும் புதுச் செய்தியே இல்லை. குடிக்கவே லாரியை எதிர்பார்க்கும் நாளில் தொட்டிக்கு ஐந்து வாளி ஊற்றினால் வீட்டில் சண்டை வரும், வரவும் வேண்டும். இரண்டு வாளி என்றால் மழைத்தண்ணீர் பிடிக்கும் ஜோஜோ டேங்கிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: மழைத்தண்ணீரில் தாதுக்கள் கிடையாது. அதை மட்டுமே ஊற்றினால் பி.எச். திடீரென்று சரியும், குழாய்த் தண்ணீரோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீருக்குக் குளோரின் நீக்கும் மருந்து போட மறக்கக் கூடாது.

டர்பன் கடற்கரை ஓரம் குளிர் பெரிதாக இல்லை. அப்படியும் ஜூலையில் ராத்திரி வெப்பநிலை 11 டிகிரி பக்கம் இறங்கும், வெப்பமண்டல மீனுக்கு 24, 25 வேண்டும். லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் ஹீட்டர் வாங்குங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இன்னும் குளிரும். 90 செ.மீ. தொட்டிக்கு வடிகட்டி, விளக்கு, ஹீட்டர் எல்லாம் சேர்த்துக் குளிர்காலத்தில் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட்டுக்குள் அடங்கும், கோடையில் ஒரு யூனிட்கூட ஆகாது.

இன்னொன்று, பொறுமை. பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். டிசம்பர் போனஸில் தொட்டி வாங்கினால் மீன் வருவது தைப்பூசக் காவடி சமயத்தில்தான். தொட்டி வாங்கும் அன்றைக்கே மீனையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் கடைக்காரரை நம்ப வேண்டாம். பிடிக்காமல் போன மீனை ஆற்றில் விடவும் வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் சக்கர் மீன் இங்கே வடக்கே ன்செலேனி ஆற்றில் குடியேறி உட்கார்ந்திருக்கிறது. தென்னமெரிக்க மீன் அது, தானாக நீந்தி வந்திருக்க முடியாது.

கடல் மீன் தொட்டியைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது வேறு பட்ஜெட், வேறு பைத்தியம்.

இனி கேமரா

டர்பனில் பிறந்தவருக்கு நிலக்காட்சிப் படத்தில் ஒரு வசதி, ஒரு வம்பு. நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் தண்ணீரிலிருந்து எழும், சாயங்காலம் வீடுகளுக்குப் பின்னால் போய் மறையும். ஆக, இது காலையில் எழுபவர்களின் கடற்கரை. டிசம்பரில் நாலே முக்கால் மணிக்கெல்லாம் விடிந்துவிடும், அதற்கு அரை மணி முன்பே இடத்தில் நிற்க வேண்டும். ஜூன் மாதம் ஆறு ஐம்பதுக்குத்தான் உதயம். சோம்பேறிகள் ஜூனில் தொடங்கலாம், தப்பே இல்லை. மழையும் இல்லாத காலம், வானம் பளிச்சென்று இருக்கும்.

உம்லாங்காவில் திமிங்கல விலா எலும்பு மாதிரி வளைவுகள் வைத்த பாலம் எல்லோரும் எடுக்கும் படம். எடுக்கட்டும், பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. முக்காலியை மணலில் நன்றாக அழுத்தி ஊன்றுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் ஒரு கால் இறங்கும். ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 11, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) அரை விநாடி. அலை வரும்போது அழுத்த வேண்டாம். வந்து முட்டி, திரும்பி ஓடத் தொடங்கும்போது அழுத்துங்கள். மணலில் நுரை நூல் நூலாக இழுபடுவது அப்போதுதான் படத்தில் விழும். ஐந்தாறு படத்துக்கு ஒருமுறை லென்ஸைப் பாருங்கள், உப்பு பனி மாதிரி படிந்திருக்கும். திரையில் தெரியாது, வீட்டுக்கு வந்து பெரிதாக்கும்போது மொத்தப் படமும் மங்கலாக இருக்கும்.

மலை என்றால் டிராகன்ஸ்பர்க். 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். ராயல் நேட்டால் பூங்காவின் ஆம்ஃபிதியேட்டர் பாறைச்சுவர் ஐந்து கிலோமீட்டர் நீளம், அதன் உச்சியிலிருந்து துகேலா அருவி 900 மீட்டருக்கு மேல் படிப்படியாக விழுகிறது. காலை வெயில்தான் அந்தச் சுவரின் முகத்தில் படும். டர்பனிலிருந்து மூன்று மணி நேரப் பயணம் என்பதால், காபி குடித்துவிட்டுக் கிளம்பி பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தால் பிக்னிக் படம்தான் கிடைக்கும். ஒன்று, நடுராத்திரி லாரிகளோடு என்3 சாலையில் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே ஒரு ராத்திரி தங்க வேண்டும். போக வர 500 கிலோமீட்டருக்கு மேல், பெட்ரோல் 40 லிட்டர், மேரியன்ஹில், மூய் ரிவர் சுங்கம். ஒரு நல்ல படத்துக்கு 90 செ.மீ. தொட்டியின் பல மாதக் கரண்ட் செலவு ஆகிவிடுகிறது. கேமராவின் உண்மையான விலை இதுதான், கடையில் கொடுப்பது முன்பணம்.

கோடையில் மலை பச்சையாக இருக்கும், மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் கட்டாயம் போல வரும். முக்காலியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் நிற்கும் நேரமில்லை அது, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். குளிர்காலத்தில் புல் காய்ந்து பொன்னிறமாக, காற்று தெளிவாக இருக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுத்தீப் புகை தொலைவை மறைக்கும்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் ஹோவிக் அருவி இருக்கிறது, 95 மீட்டர், ஊருக்குள்ளேயே நின்று எடுக்கலாம். எல்லோர் படமும் ஒன்றுபோல இருக்கும், அது ஒன்றுதான் குறை.

எனக்குப் பிடித்த இடம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்காது: டோங்காட், வெருலம் பக்கத்துக் கரும்பு மேடுகள். மே, ஜூன் மாதங்களில் கரும்பு பூக்கும். அதிகாலையில் பூவுக்குப் பின்னால் சூரியன் வந்தால் மேடு முழுக்க வெள்ளி மாதிரி மின்னும், நடுவில் செம்மண் பாதை வளைந்து போகும். வெட்டுக்கு முன் கொளுத்தும் வயலின் புகை ஏதாவது ஒரு பக்கம் நிற்கும், அது வெளிச்சத்தை இன்னும் மஞ்சளாக்கும். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து கூலி வேலைக்கு வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் வெட்டியது இந்த மாதிரி மேடுகளில்தான். நம் வீடுகளில் டிராகன்ஸ்பர்க் காலண்டர் தொங்குகிறது, கரும்பு மேட்டின் படம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. இருபது நிமிடம் ஓட்டினால் போதும், போனில் எடுத்தாலே நன்றாக வரும். தனியார் நிலம் என்பதால் கேட்டுவிட்டு நுழையுங்கள், பாம்பும் உண்டு.

சாமான் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் நல்ல முக்காலி, கேமரா அப்புறம். கையில் இருக்கும் போனை அந்த முக்காலியில் மாட்டி, ஒரு குளிர்காலம் முழுக்கக் காலையில் எழ முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், பழைய மிரர்லெஸ் (உள்ளே ஆடி இல்லாத வகை) கேமரா ஒன்றை அதோடு வரும் 18–55 மி.மீ. லென்ஸோடு வாங்குங்கள். நிலக்காட்சிக்கு அது தாராளம். அருவியும் அலையும் எடுக்க, வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்.டி. ஃபில்டர். ட்ரோன் ஆசை இருந்தால் விமானப் போக்குவரத்து விதிகளையும் பூங்கா விதிகளையும் படித்துவிட்டு வாங்குங்கள். பெரும்பாலான பூங்காக்களில் பறக்கவிட முடியாது.

பாதுகாப்பைச் சொல்லாமல் விட முடியாது. விடியற்காலை ஆளில்லாத கடற்கரையில் கேமராவோடு தனியாக நிற்பது நம் ஊரில் புத்திசாலித்தனம் இல்லை. இரண்டு மூன்று பேராகப் போங்கள், பை பளபளப்பாக இருக்க வேண்டாம். டர்பனில் புகைப்படக் கிளப்புகள் இருக்கின்றன, அவர்களோடு சேர்ந்து போவது நல்ல வழி. நண்பர்களே இல்லாதவருக்கு இந்தப் பொழுதுபோக்கு இங்கே கொஞ்சம் கஷ்டம். தொட்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

யாருக்கு எது?

என் சித்தி மகனுக்கு ஷிப்ட் வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள், சொந்த வீடு, தரைத்தளம். அவன் சனிக்கிழமை விடிய மூன்று மணிக்கு மலைக்குக் கிளம்பினால் பிள்ளைகளைப் பார்க்கும் சுமை முழுக்க அவன் மனைவி தலையில் விழும். தொட்டி என்றால் பிள்ளைகளே தீனி போடுவார்கள் (அளவை மட்டும் அவன் பார்த்துக்கொள்ள வேண்டும்). ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தூக்கம் வராமல் உட்காரும் அரை மணி நேரத்துக்கு அது பொருந்தும். அவனுக்கு நான் சொன்னது 90×45×45, ஸ்பான்ஜ் ஃபில்டர், பேட்டரி ஏர் பம்ப். படம் எடுக்கும் ஆசைக்கு ஒரு முக்காலி, இருக்கும் போன், வெருலம் கரும்பு மேடு. கேமராவை அடுத்த போனஸில் பார்த்துக்கொள்ளலாம்.

சாட்ஸ்வொர்த்தில் எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் ரிட்டையர் ஆனவர். கார் இருக்கிறது, காலையில் நாலு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார், உடன் வர இரண்டு நண்பர்கள். பெண்ணைப் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை கேப் டவுன் போய் ஆறு வாரம் தங்குவார். அவருக்குத் தொட்டி வேண்டவே வேண்டாம் என்றேன். தானே தீனி போடும் இயந்திரம் உண்டு, ஆனால் அது தண்ணீர் மாற்றாது. "சரி, மாமா, கேமராவே வாங்குங்கள், முழங்கால் நன்றாக இருக்கும்போதே மலைக்குப் போய்விடுங்கள்" என்றேன்.

வாடகை வீட்டில் இருப்பவருக்கும் கேமராதான். 150 லிட்டர் தொட்டியைக் காலிசெய்து வீடு மாற்றுவது ஒரு நாள் வேலை இல்லை, அதில் பாதி மீன் பிழைத்தால் அதிர்ஷ்டம். அப்படியும் மீன்தான் வேண்டும் என்று நிற்பவர் 60 செ.மீ. தொட்டி வாங்கி, அதில் மீன் குறைவாக விட்டு, செடிகளை அதிகமாக வைக்கட்டும்.

பழைய தொட்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பாதி விலைக்குக் கிடைக்கும், வாங்கலாம். மூலைகளில் சிலிக்கானை நகத்தால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். விளிம்பு உரிந்து வந்தாலோ உள்ளே குமிழி தெரிந்தாலோ விட்டுவிடுங்கள். நன்றாக இருந்தால், விற்பவர் வீட்டு முற்றத்திலேயே சமமான இடத்தில் ஸ்டைரோஃபோம் பலகை போட்டு வைத்து, விளிம்பு வரை நிரப்பி, அடியைச் சுற்றிப் பழைய செய்தித்தாள் விரித்து ஒரு நாள் விடச் சொல்லுங்கள். மறுநாள் தாள் காய்ந்திருந்தால் காசைக் கொடுங்கள். வண்டி பேசும் முன் உங்கள் வீட்டு முன்கதவின் அகலத்தையும், பர்க்லர் கேட் (திருடருக்காகப் போடும் கம்பிக் கதவு) எவ்வளவு திறக்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள்.